உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஊர், இரண்டு பனியன்

தென்காசி மாவட்டத்து ராயகிரியில் பிளஸ் டூ முடித்த கபடிப் பிள்ளை ஒருத்தி, வடக்கே போய்ப் படித்தால் ஒரு பல்கலைக்கழகத்தின் பனியனைப் போடுவாள், தெற்கே போய்ப் படித்தால் வேறொரு பல்கலைக்கழகத்தின் பனியனைப் போடுவாள். வடக்கே சிவகிரி தாண்டினால் விருதுநகர் மாவட்டம் வந்துவிடும். அங்கே ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தெற்கே புளியங்குடி, கடையநல்லூர், குற்றாலம் கல்லூரிகளோ மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. வீடு, தெரு, பழகிய களம் எல்லாம் ஒன்றுதான். எந்தப் பக்கம் பஸ் ஏறுகிறாள் என்பதை வைத்து அவள் மதுரை அணியா, நெல்லை அணியா என்று முடிவாகிவிடும். அந்த ஒரு பஸ் பயணத்தைத் தீர்மானிப்பது யார்? பெரும்பாலும் பஸ் பாஸும், அப்பாவின் பயமும்தான்.

*

கல்லூரி அணியில் இடம் கிடைத்தால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையான வாசல் அதற்கு அடுத்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நன்றாக ஆடுகிறவர்களைச் செலக்சனுக்குக் கூப்பிடுவார்கள். அதில் தேறியவர்களைக் கேம்ப்பில் வைத்துச் சலித்து எடுப்பார்கள். கபடியில் களத்தில் நிற்பது ஏழு பேர், அணியில் மொத்தம் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டில் ஒருத்தியானால்தான் அவள் ஊர் வாயில் 'யூனிவர்சிட்டி பிளேயர்'.

பிறகு தென் மண்டலப் போட்டி. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி என இத்தனை மாநிலப் பல்கலைக்கழகங்களும் ஒரே இடத்தில் மோதும். பெரும்பாலான குழு விளையாட்டுகளில் மண்டலத்துக்கு முதல் நான்கு அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். நான்கு மண்டலம், பதினாறு அணி. அங்கே முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு வழி. அந்தப் போட்டி முதன்முதலில் 2020இல் புவனேசுவரத்தில் நடந்தது.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்குத் தரும் சான்று, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'படிவம் மூன்று' என்ற பெயரில் கேட்கப்படும். கல்லூரி அணிக்கு ஆடிய கோப்பைகள் அலமாரி நிறைய இருந்தாலும், பல்கலைக்கழக அணிக்காக ஒரு முறையாவது ஆடாதவருக்கு அந்தப் படிவம் கிடையாது.

*

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி 1923இல் தொடங்கியது. இடத்தை விட்டு ஓரடி நகராமலே அதன் விளையாட்டு வீரர்கள் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு ஆடியிருக்கிறார்கள். முதலில் 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் தென்மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் போயின. 1990இல் நெல்லைச் சீமைக்கென்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது.

நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரிக்கு இன்னும் ஒன்று கூடுதல். அது 1952இல் தொடங்கும்போது திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பிறகு சென்னை, மதுரை, நெல்லை. நம் பக்கத்துச் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை அந்தத் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது. மாநில அணி என்று சொன்னால் அன்றைய செங்கோட்டைப் பையனுக்குத் திருவனந்தபுரம் திசை, ராயகிரிப் பையனுக்குச் சென்னைத் திசை. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு காலைப் பொழுதுப் பயண தூரம்கூட இல்லை.

*

பொறியியல் கல்லூரிக்காரர்களின் கதை வேகமாக முடிந்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்து 2007இல் திருநெல்வேலிக்கும் ஒன்று தந்தார்கள். 2012இல் திரும்ப ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அந்தச் சில ஆண்டுகளில் படித்த பிள்ளைகளிடம் இருக்கும் விளையாட்டுச் சான்றில் இன்று இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அது செல்லும்.

*

நூறு கல்லூரிகளை அடக்கிய பல்கலைக்கழகத்துக்கும் தென் மண்டலப் போட்டியில் ஓர் அணிதான். ஒரே வளாகத்தில் நடக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஓர் அணிதான். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி என நான்கு மாவட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு இடத்துக்கு முட்டி மோதுகிறார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ நல்ல ஆட்டக்காரர்களை ஊர் ஊராகத் தேடி, கட்டணமில்லாமல் சேர்த்து, சாப்பாடும் விடுதியும் தந்து அணி கட்டுகிறது. அந்த வாய்ப்பால் படித்து மேலே வந்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் பதின்மூன்றாவது ஆளாக வெளியே நிற்கும் கிராமத்துப் பிள்ளைக்கு அடுத்த வாசல் எது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இரண்டாவது அணி ஒன்றை அனுமதித்தால் என்ன?

*

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அன்றைக்குப் பேசியதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் எங்கே வரும், பத்திரப்பதிவு எங்கே நடக்கும் என்பதுதான். மைதானத்தில் நடந்த மாற்றத்தைப் பேசியவர்கள் குறைவு.

பள்ளி விளையாட்டு படிப்படியாக ஏறும்: குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம். குடியரசு தினத் தடகளமும் பாரதியார் தினக் குழுப் போட்டிகளும் இந்த ஏணியில்தான் நடக்கின்றன. முதலமைச்சர் கோப்பைக்கும் மாவட்டத்தில் தேறித்தான் மாநிலத்துக்குப் போக வேண்டும். பழைய நெல்லை மாவட்டத்தில் ராயகிரிப் பிள்ளை மாவட்டப் படியைத் தாண்ட வேண்டுமானால் பாளையங்கோட்டையின் பெரிய பள்ளிகளைத் தாண்டியாக வேண்டும். புல் வெட்டிய மைதானமும், தனித்தனிப் பயிற்சியாளர்களும், பக்கத்திலேயே அண்ணா விளையாட்டரங்கமும் இருக்கிற பிள்ளைகள் அவர்கள். நம் பிள்ளையோ விடியுமுன் எழுந்து, சங்கரன்கோவில் வழியாகப் பஸ் மாறி, ஆட்டம் தொடங்குமுன்னே களைத்துப் போய் நிற்கும். இப்போது தலைமையிடம் தென்காசி. தூரம் கிட்டத்தட்ட பாதி. அதைவிடப் பெரிது, மாநிலப் போட்டியில் 'தென்காசி' என்று பெயர் எழுதிய ஓர் அணி கட்டாயம் இருக்கும். முன்பு 32 மாவட்டம், 2020இலிருந்து 38. ஆறு புது வாசல்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நேரத்தில் ஒரு தகப்பனார் பி.இ.டி. சாரிடம் கேட்டுக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"சார், பாப்பாவ எந்தப் பக்கம் சேக்கட்டும்? ராஜபாளையமா, குற்றாலமா?"

"ரெண்டும் நல்ல காலேஜ்தான் அண்ணாச்சி. அவ தென்காசி மாவட்டத்துக்கு ஆடுன புள்ள. இங்க இருக்க கோச்சுக எல்லாருக்கும் அவ ஆட்டம் தெரியும். மதுரப் பக்கம் போனா முதல்லருந்து காட்டணும். நீங்க பாப்பாட்டயும் ஒரு வார்த்த கேளுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அந்த சாருக்கு ஒரு கும்பிடு போடலாம். பாப்பா இரண்டடி தள்ளி நின்று, முழங்காலில் ஆறிக்கொண்டிருந்த பொருக்கைக் கிள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் தென்காசிப் பிள்ளை தேசியப் பள்ளி விளையாட்டுக்குத் தமிழ்நாட்டு அணியில் போவதில்லை. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் கணக்கில் சி.பி.எஸ்.இ. ஒரு தனி அலகு, ஒரு மாநிலம் மாதிரி. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளும் அப்படியே தனி அணிகள். ஒரே தெருவில் அண்ணன் அரசுப் பள்ளியிலும் தம்பி சி.பி.எஸ்.இ.யிலும் படித்தால் தேசியப் போட்டியில் இருவரும் எதிரெதிர் அணியில் நிற்கலாம்.

*

யார் எந்தப் பக்கம் சேர்ந்து ஆடுவது என்ற இந்தக் கணக்கையெல்லாம் பெரிய அளவில், பெரிய பணத்தோடு பார்க்க அமெரிக்கா போக வேண்டும். அங்கே கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டணிகளாகச் சேர்ந்து ஆடும். ஒவ்வொரு கூட்டணியின் சாம்பியனுக்கும் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்கு நேரடி நுழைவு. ஆண்கள் போட்டியில் 68 அணிகள். மீதி இடங்களைத் தேர்வுக் குழு நிரப்பும். பசிபிக் கரையில் 1915இலிருந்து வேர்விட்ட பேக்-12 என்ற கூட்டணியிலிருந்து 2024இல் பன்னிரண்டில் பத்துக் கல்லூரிகள் வெளியேறின. ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு மட்டும் மிஞ்சின. அதனால் நேரடி நுழைவு 32இலிருந்து 31ஆகக் குறைந்தது.

காரணம் தொலைக்காட்சிப் பணம். பிக் டென் என்ற கூட்டணி ஏழு ஆண்டுக்கு எழுநூறு கோடி டாலருக்கும் மேல் ஒப்பந்தம் போட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. விளைவு, அந்தப் பிள்ளைகள் அதே கூட்டணிக் கல்லூரியோடு மோத நியூ ஜெர்சி வரை போக வேண்டும். கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஜம்மு தாண்டிக் கட்ரா போய்ச் சேர ஓடும் தூரம் ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர். அதற்கும் மேலே இந்தத் தூரம். கால்பந்துக்காரர்களுக்குத் தனி விமானம் வரும். அதே பனியன் போட்டிருக்கும் கைப்பந்துப் பெண்கள் பரீட்சைக்கு எப்போது படிப்பார்கள்? ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் பசிபிக் ஓரத்தில் இருந்துகொண்டே அட்லாண்டிக் கரைக் கூட்டணியில் சேர்ந்திருக்கின்றன.

*

நேரடி நுழைவு இருப்பதால் என்ன லாபம்? 2023ஐப் பாருங்கள். நியூ ஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன் என்ற சிறிய பல்கலைக்கழகம் தன் கூட்டணியின் இறுதி ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றது. வென்ற மெரிமாக் கல்லூரி கீழ்ப் பிரிவிலிருந்து புதிதாக ஏறி வந்தது. காத்திருப்புக் காலம் முடியாததால் அதற்குத் தேசியப் போட்டியில் ஆடத் தகுதி இல்லை. இடம் தோற்றவர்களுக்கு வந்தது. முதல் பிரிவிலேயே சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அது. அந்த அணி மார்ச் 17 அன்று முதல் தரநிலை பெற்ற பர்டியூ பல்கலைக்கழக அணியை 63-58 என்று வென்றது. தேர்வுக் குழுவின் கையில் மட்டும் விட்டிருந்தால் அந்தப் பையன்கள் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்திருப்பார்கள்.

*

நேரடி இடம் நம் கிரிக்கெட்டிலும் இருந்தது. ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்தது. மெட்ராஸ் அணி மைசூரை ஒரே நாளில் முடித்துவிட்டது. அன்றிலிருந்து 2002 வரை மண்டல முறைதான். 2018-19இல் ஒன்பது புது அணிகள் சேர்ந்து மொத்தம் 37 ஆனபோது முணுமுணுப்பு எழுந்தது. புதியவர்களைத் தனிப் பிரிவில் ஆடவிட்டு, அதில் முதலிடம் பிடிப்பவருக்குக் கால் இறுதியில் நேரடி இடம் என்று வைத்தார்கள். முதல் ஆண்டிலேயே அந்த இடத்தை உத்தராகண்ட் பிடித்தது. புதுச்சேரியும் அதே ஆண்டில்தான் முதன்முதலாக ரஞ்சி ஆடியது.

*

மாமல்லபுரத்தில் 2022இல் நடந்த செஸ் ஒலிம்பியாடில், நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்குக் கூடுதல் அணி கிடைத்தது. மொத்த அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்ததால் மூன்றாவது அணியும் இறங்கியது. பொதுப் பிரிவில் வெண்கலம் வாங்கியது முதல் அணி இல்லை, இரண்டாவது அணி. குகேஷ், பிரக்ஞானந்தா, அதிபன் என அதில் மூவர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். முதல் பலகையில் தனிநபர் தங்கம் குகேஷுக்கு. இரண்டாவது அணிக்கு இடமில்லை என்று சொல்லியிருந்தால் அந்தப் பதக்கமே இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இரண்டாவது அணி கேட்டேனே, அப்போது என் மனத்தில் இருந்தது இதுதான்.

*

கடைசியாக, விவரம் தெரியாமல் வாய்ப்பைத் தவறவிடும் வீடுகளுக்கு. அஞ்சல்வழியில் படிப்பவர்கள் பல்கலைக்கழக அணிக்கு ஆட முடியாது. நேரடியாக வகுப்புக்குப் போகும் மாணவராக இருக்க வேண்டும். அட்மிஷனுக்குப் போகும்போது மார்க் ஷீட்டோடு குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று எல்லாச் சான்றுகளின் அசலையும் ஒரே ஃபைலில் எடுத்துப் போங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பம் தனியாக இருக்கும், கேட்டு வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கோ இன்னும் நேரம் இருக்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில்தான் குறுவட்டப் போட்டிகள் தொடங்கும். களம் ஈரமாக இருக்கும். மாற்றிக்கொள்ள ஒரு செட் உடுப்பும், துடைக்க ஒரு துண்டும் பையில் இருக்கட்டும்.