வேட்டை நாய் வாங்குவோர் கவனத்திற்கு

ஊரை விட்டுப் பெங்களூருக்கு வந்து பல்லாண்டுகள் ஆன பின்னரும், ஊர் நாயின் மீது கொண்ட ஆசையை விடாதவர் நம் குடும்பங்களிற் பலர். கோடை விடுமுறைக்கு விருதுநகர்ப் பக்கமோ திருநெல்வேலிச் சீமைக்கோ செல்லும் அன்பர்கள், “நல்ல வேட்டை நாய்க் குட்டி வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது?” என்று நம்மை வினவுவதுண்டு. அவர்கள் பொருட்டே இதனை எழுதுகின்றோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேட்டை நாய் என்பது இன்று இனத்தின் பெயரே, தொழிலின் பெயரன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டன. நாயை ஏவி ஒரு முயலைப் பிடிப்பதுங்கூடக் குற்றமே. ஊரிலுள்ள மைத்துனர் ஆசை காட்டினாலும் இணங்க வேண்டா.

தென்னாட்டு வேட்டை நாய்களுள் சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்து நீண்ட உடலும் ஆழ்ந்த நெஞ்சும் உடையவை. மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பி ஓடுபவை. கன்னியுள் கரிய நிறத்ததைக் கருங்கன்னி என்பர். இராசபாளையம் பருத்த உடலினது. பால்வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அடையாளம். காட்டுப் பன்றி வேட்டைக்குப் பேர்போனது. தேனிப் பக்கத்துக் கோம்பை நாயோ காவலுக்கு உகந்தது. இராசபாளையத்திற்கும் முதோலுக்கும் 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தனர்.

முதோல் நாம் வாழும் கன்னட நாட்டிற்கே உரியது. பாகல்கோட்டை மாவட்டத்து முதோலில் மன்னர் மாலோஜிராவ் கோர்படே பேணி வளர்த்த இனம் அது. அவ்வூரை அடுத்த திம்மாப்பூரில் கால்நடைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிலையம் ஒன்றும் உண்டு. 2016இல் நம் இராணுவத்தார் முதோல் குட்டிகளை மீரத்துக்குக் கொண்டு சென்று பழக்கினர். சிப்பிப்பாறைக்கும் இதற்கும் உருவ ஒற்றுமை மிகுதி. தெற்கே போய்த்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. நம் நகரிலே வாழும் அறிஞர் தியடோர் பாஸ்கரன் இந்நாட்டு நாய்களைப் பற்றி 2017இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டுள்ளார். வாங்குமுன் அதனைப் படிப்பது பயன் தரும்.

இனி நாம் ஏமாந்த கதை. சில ஆண்டுகளுக்கு முன், தரகர் ஒருவர் சொற்கேட்டு, வெள்ளை வெளேரென்ற குட்டி ஒன்றை வாங்கி இரவுப் பேருந்தில் மடியிலே வைத்துக் கொண்டு வந்தோம். தாயைக் காட்டும்படி கேட்டபோது, “தோட்டத்திற்குப் போயிருக்கிறது” என்றார் அவர், நாமும் நம்பினோம்! வீட்டிற்கு வந்த நான்காம் நாள், சமையலறையில் அண்டா ஒன்று விழுந்து வீடே அதிர்ந்தது. அடுத்த அறையில் உறங்கிய குட்டி கண் திறக்கவில்லை. ஹெப்பால் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். இரு செவியும் கேளா என்றனர். முழு வெள்ளை நாய்களில் இக்குறை தோன்றுவது உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் தந்தையார், பிள்ளைகள் விடவில்லை. மரப்பலகையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பும். அப்படியே பெயரின்றிப் பதினோராண்டு எம்முடன் வாழ்ந்தது.

ஆகவே வெண்குட்டி வாங்குவோர் அதனை உடன்பிறப்புகளிடமிருந்து பிரித்துத் தனியே வைத்து, பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் இருக்கையில் செவிட்டுக் குட்டியும் மற்றவற்றைப் பார்த்துத் திரும்பிவிடும், நாம் ஏமாந்துவிடுவோம். கட்டாயம் தாயைப் பார்க்க வேண்டும். சீமை நாயோடு கலந்த கலப்பை இரண்டு மாதக் குட்டியிடம் காண்பது அரிது. தாயிடம் ஓரளவு தெரியும். தாய் அந்நியரைக் கண்டு அஞ்சி ஒடுங்கினால் அந்த ஈற்றை விட்டுவிடுவதே நன்று. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்றல் ஆகாது. முந்திக் கொடுப்பவர் எதையோ மறைக்கிறார் என்றே கொள்க. தடுப்பூசிச் சீட்டைக் கையில் வாங்கிய பின்னரே பணம் தருக.

மாடிக் குடியிருப்பில் இருப்போர் இவ்வினங்களை வாங்குமுன் இருமுறை எண்ணட்டும். ஓடப் பிறந்த நாய் நாள்தோறும் ஓடியே தீர வேண்டும். பூனையைக் கண்டால் அழைப்பொலி அதன் செவியில் ஏறாது. நம் சாலைப் போக்குவரத்திலோ அது உயிருக்கே கேடு. கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன் ஆதலால் சாதாரணக் கழுத்துப்பட்டை கழன்றுவிடும்; அகன்ற பட்டையே தேவை. உரோமம் குட்டையானபடியால் மார்கழிக் குளிரில் ஒரு பழைய சாக்கோ போர்வையோ வேண்டும். மாநகராட்சி உரிமத்தையும் மறவாதிருத்தல் வேண்டும்.

வீட்டிற்கு வந்த முதல் இரண்டு மூன்று இரவுகள் குட்டி தாயை நினைந்து அழும். அடுத்த வீட்டாரிடம் முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நலம்.