இரண்டே இருக்கை, மேலே வானம்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

“உனக்கென்று இருப்பது ஒரு சைக்கிள். அதற்கும் பின்சக்கரத்தில் பிரேக் இல்லை. இந்த இலட்சணத்தில் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கட்டுரையா?” என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்தார்கள். கேலி நியாயமானதே. திறந்த கார் ஒன்றில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒரு காரின் உறவுக்காரனை என் தந்தையார் நன்கு அறிவார். அந்த உறவைப் பிடித்துக்கொண்டே இக்கட்டுரைக்குள் நுழைகிறேன்.

என் தந்தையார் பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, 1980களில் எங்கள் ஊர்க் கார் பட்டறை ஒன்றில் கையாளாகச் சேர்ந்தவர். அங்கு வந்த வண்டிகளில் அவருக்குப் பிடித்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்ற ஆண்டு விடுமுறையில், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர், “ஏண்டா தம்பி, இது நம்ம ஹெரால்டு முன்பக்கம்ல?” என்றார். ஆங்கிலம் தெரியாதவர், படத்தைப் பார்த்தே உண்மையைச் சொல்லிவிட்டார்.

ஹெரால்டின் தம்பி

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் 1959இல் ஹெரால்டு காரை வெளியிட்டது. 1961 முதல் அதே காரைச் சென்னையைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இங்கே தயாரித்தது. அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்ற மூன்று கார்களே நம் சாலைகளில் பெரும்பாலும் ஓடிய காலம் அது. இக்காருக்கு உருவம் வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர்.

அதே மிக்கெலோட்டி வரைந்து, 1962 அக்டோபரில் வெளிவந்ததுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற போர் விமானத்தின் பெயரை அதற்குச் சூட்டினர். ஹெரால்டின் அடிச்சட்டத்தையே குறுக்கி, இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை ஏறக்குறைய 232 சென்டிமீட்டரிலிருந்து 211 சென்டிமீட்டராக்கி, இரண்டே இருக்கை வைத்து, நிலையான கூரையை நீக்கிவிட்டார்கள். எஞ்சின் 1147 சி.சி.; ஆற்றல் 63 குதிரைத்திறன்; வண்டியின் எடை சுமார் 710 கிலோ. மணிக்கு 145 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போகும். இன்றைய சாதாரணக் கார்களே இதைத் தாண்டும். ஆனால் பாகங்களில் பல குடும்பக் காரிலிருந்து எடுத்தவை என்பதால் விலை அடக்கமாக இருந்தது. சீமான்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த திறந்த கார், சம்பளக்காரனுக்கும் எட்டியது. 1980 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் வெளிவந்தன. அவற்றுள் பல இன்றும் பிரிட்டனில் ஓடுகின்றன.

வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்திருப்பதோ ஆயுள் முழுதும் உள்ள வேலை. ஆனையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவர் சொல்வது இதற்கும் பொருந்தும். அந்தத் தீனி என்ன என்பதை இனிப் பார்ப்போம்.

கூரை போனால் என்ன போகும்?

கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிகள் இருக்கும் உள்தட்டைத் தனியே உருவி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் எளிதாக முறுக்கிக்கொள்ளும். மேலுறைக்குள் செருகிவிட்டு முறுக்கிப் பாருங்கள். அவ்வளவு எளிதில் அசையாது. நாற்புறமும் மூடிய குழல் முறுக்கைத் தாங்கும். ஒரு பக்கம் திறந்தது தாங்காது. காரின் கூரை அந்த மேலுறையின் வேலையைச் செய்கிறது. அது இல்லாத காரில், மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறும்போதெல்லாம் உடல் முழுதும் சிறிது முறுகும்.

அந்தப் பலத்தை வேறு எங்கேனும் தேட வேண்டுமல்லவா? ஸ்பிட்ஃபயரில் அடிச்சட்டத்தோடு, இரு கதவுகளுக்கும் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற தகடுகளும் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. குளிர்நாட்டின் ஈரமும், பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து முதலில் தின்பது அந்தத் தகடுகளைத்தான். மேலே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு. ஆகவே விவரம் தெரிந்தவர் இக்காரை வாங்கும்போது எஞ்சின் ஓசையைக் கேட்பதற்கு முன் கதவின் இடுக்கைப் பார்ப்பார். மேலும் கீழும் இடுக்கு ஒரே அளவாக இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கலாம். அத்தகட்டை வெட்டி மாற்றும்போது, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் முட்டுக் கொடுத்த பிறகே வெட்ட வேண்டும். மறந்தால் வேலை முடிந்ததும் கதவு சாத்தாது. அந்தக் காரில் டிங்கர் வேலை என்பது அழகு பார்க்கும் வேலையன்று, முதுகெலும்புச் சிகிச்சை.

மழையும் காற்றும்

தொடக்க கால ஸ்பிட்ஃபயரின் துணிக்கூரை ஒரு கூடாரம் போன்றது. குழாய்களைப் பொருத்தி, அதன்மேல் செயற்கைத் தோலை இழுத்து மாட்ட வேண்டும். மழை வந்தபின் தொடங்கினால் முடிப்பதற்குள் நனைந்துவிடலாம். 1967இல் வந்த மூன்றாம் வடிவத்தில்தான் மடக்கும் கூரை கிடைத்தது. அதன் பின்சன்னல் கண்ணாடியன்று, வளையும் பிளாஸ்டிக். கடுங்குளிரில் அவசரமாக மடித்தால் விரிசல் விடும்; ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். துணிக்கூரையைத் திருடன் ஒரு கத்தியால் கிழித்துவிடுவான். எனவே காருக்குள் விலையுள்ள எதையும் விட்டுச் செல்லக் கூடாது என்பது திறந்த கார்க்காரரின் முதல் விதி.

கூரையைத் திறந்து ஓட்டினால் காற்று முகத்தில் அடிக்கும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். உண்மையில் அது பிடரியில் அடிக்கிறது. முன்கண்ணாடியைத் தாண்டி மேலே போகும் காற்று, கண்ணாடிக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் இடத்தை விட்டுச் செல்கிறது. அதை நிரப்பப் பின்னாலிருந்து காற்று சுருண்டு முன்னோக்கி வருகிறது. பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் இது ஓரளவு தணியும். குளிர்காலத்தில் கூரையைத் திறந்துவிட்டு, காலடியில் வெப்பக் காற்றையும் ஓடவிட்டுச் செல்வது அந்நாட்டவர் வழக்கம். நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். வெயில் அபூர்வமான நாட்டில் மழை பெய்யாத பொழுதெல்லாம் திருநாள்!

கோழிக்கால்

ஹெரால்டின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால், “கோழி காலை மடக்கிக்கிற மாதிரி ரெண்டு சக்கரமும் அடியில உள்ள மடங்கும்” என்பார் என் தந்தையார். அதற்குக் காரணம் உண்டு. பின்னால் உள்ள இரண்டு அரை அச்சுகளும் நடுவிலிருக்கும் பற்சக்கரப் பெட்டியின் இரு பக்கமும் கீல் போட்டது போல் ஆடும். சக்கரம் தன் அச்சுக்கு எப்போதும் செங்குத்தாகவே நிற்கும். ஆகவே வண்டியின் உடல் மேலே எழும்பினால் அச்சு சரியும். அச்சோடு சக்கரமும் சாயும்.

ஸ்பிட்ஃபயருக்கும் இதே பின்னச்சுதான். வளைவில் வேகமாகப் போகும் ஓட்டுநர் பயந்து திடீரென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பாரம் முன்சக்கரங்களுக்குப் போய்விடும். பின்பகுதி எழும்பும். வெளிப்புறச் சக்கரம் கோழிக்கால் போல மடங்கும். டயரின் முழு அகலமும் தரையைத் தொடாமல் பிடி தளர, வண்டியின் வால் வெளியே வீசும். அக்காரை வைத்திருப்போர் கற்க வேண்டிய பாடம் இதுதான்: வேகத்தை வளைவுக்கு முன்பே குறை, வளைவுக்குள் போய்ப் பயப்படாதே. 1970இல் வந்த நான்காம் வடிவத்தில், குறுக்கே கிடந்த ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றை மட்டும் இறுகப் பிணைத்து, மற்றவற்றைத் தராசுக்கோல் போல நடுவில் அசையவிட்டு, இக்குறையைப் பெரிதும் போக்கினார்கள்.

எண்ணெயா, கிரீஸா?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்பது ஓர் எஃகுத் தூண். அதன் அடிமுனையில் திருகு மரை வெட்டியிருக்கும். அந்த மரை ‘ட்ரன்னியன்’ என்னும் வெண்கலத் துண்டுக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இந்த மரைதான் சுழல்கிறது. காரின் முன்பாரமும் இதன் வழியே போகிறது.

இதற்குக் கிரீஸ் போடக் கூடாது. கியர் எண்ணெய்தான் விட வேண்டும் என்கிறது கையேடு. கிரீஸ் கெட்டியானது. நுண்ணிய மரைகளின் இடுக்குவரை பரவாமல் வெளியிலேயே இறுகிவிடும். உள்ளே ஈரம் புகும். எஃகு துருப்பிடித்து, மரை தேய்ந்து, ஒரு நாள் தூண் முறியும். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும் சமயத்தில் முறிந்தால் சக்கரம் அப்படியே மடங்கி விழும்.

இந்தப் பகுதியை நான் தமிழில் சொல்லச் சொல்ல, என் தந்தையார் முகம் மாறியது. பிறகு மெல்லச் சொன்னார். பட்டறையில் அவர் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு ஹெரால்டுக்கு எல்லா இடத்திலும் கிரீஸ் அடிக்கும் வேலை அவருக்கு. அடித்தார். சில மாதங்களில் அந்த வண்டி, உரிமையாளர் வீட்டு வாசலில் திரும்பும்போது முன்சக்கரம் ஒடிந்து உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால் கிரீஸ் சரியாக அடிக்கவில்லை என்று பையன்மேல் பழி விழுந்தது; ஒரு மாதக் கூலியும் போயிற்று.

“அன்னையிலேர்ந்து எந்த வண்டிக்கும் ரெண்டு அமுக்கு சேர்த்தே அமுக்குவேன். கிரீஸ் பத்தலைன்னுதான் நாப்பது வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றார்.

“உங்களுக்கு யாரும் சொல்லலையாப்பா?”

“புஸ்தகம் முதலாளி மேசையிலதான் இருந்துச்சு. இங்கிலீஷ்ல இருந்துச்சு.”

அதன்பின் அவர் வெகுநேரம் பேசவில்லை.

இன்றைய நிலை

பழைய கார் வைத்திருப்பவர் எரிபொருளின் வேதியியலையும் அறிய வேண்டும். பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு பொது விற்பனையிலிருந்து நின்றது. அந்த ஈயம் எஞ்சின் வால்வுகள் உட்காரும் இடம் தேயாமல் காத்துவந்தது. அது போனபின் அவ்விடத்தில் கடினமான உலோக வளையம் பதிக்க வேண்டியதாயிற்று. 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கே வழக்கத்துக்கு வந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். குழாய்களை மாற்றாவிட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஆதாயமும் உண்டு. 40 ஆண்டு கடந்த கார்களுக்கு அங்கே சாலை வரி விலக்கு இருக்கிறது. பெரிய மாறுதல் செய்யாத வண்டிகளுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருப்போருக்கென 1977இல் தொடங்கிய சங்கமும் உண்டு. சோதனை கட்டாயமில்லை என்பதால் பொறுப்பு நீங்கிவிடவில்லை. முன்பு அதிகாரி பார்த்த துருவை இப்போது உரிமையாளரே குனிந்து பார்க்க வேண்டும். ஒரு வசதி: ஸ்பிட்ஃபயரின் முன்பகுதி முழுதும், ஹெரால்டைப் போலவே, ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். முன்டயரின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினைப் பார்க்கலாம். என் தந்தையாருக்கு ஹெரால்டு பிடித்ததற்கு அதுவே காரணம்.

முடிவாக

இரண்டே இருக்கை உள்ள காரில் அம்மாவை அழைத்துப் போனால் அப்பாவுக்கு இடமில்லை. மழைக்கு ஒழுகும், லாரியின் பக்கத்தில் போனால் அதன் சக்கரம்தான் கண்ணுக்கு நேரே தெரியும். ஆகவே இது தேவைக்கான வண்டி அன்று, விருப்பத்துக்கான வண்டி. விருப்பத்தின் விலை கவனிப்பு. கதவிடுக்கைப் பார்க்கும் கண்ணும், எந்த இடத்துக்கு எண்ணெய், எந்த இடத்துக்குக் கிரீஸ் என்ற அறிவும் உள்ளவனே அதன் உண்மையான உரிமையாளன். பணம் கொடுத்து வாங்கியவன் அப்புறந்தான்.

அந்த அறிவு ஒருவர் மேசையில் பூட்டிக் கிடந்தால், வேறொருவர் கையில் சக்கரம் ஒடிகிறது. பட்டப்படிப்பு எதற்கு என்று எங்கள் தெருவில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: மேசைமேல் இருக்கும் புத்தகத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அங்கே பேசும் மொழியில் படித்துச் சொல்வதற்கு.

கையேட்டின் அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி என் தந்தையாரிடம் கொடுத்தேன். இன்று எங்கள் ஊரில் ஹெரால்டு ஒன்றுகூட ஓடவில்லை. இருந்தும் அவர் அதை மடித்து, ஸ்பேனர் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்.