கடற்கரையில் விமானக் காட்சி

இந்திய விமானப்படை 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி தோற்றுவிக்கப்பட்டது. அந்நாளை ஒட்டி ஆண்டுதோறும் அணிவகுப்பும் வான்காட்சியும் நடைபெறுவது வழக்கம். பல ஆண்டுகள் தில்லிக்கு அருகிலுள்ள ஹிண்டன் விமானத் தளத்தில் நடந்துவந்த இவ்விழா, 2022-இல் சண்டிகருக்கும், 2023-இல் பிரயாக்ராஜுக்கும், 2024-இல் சென்னைக்கும் சென்றது. இம்மூன்று ஊர்களிலும் வான்காட்சிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களை நோக்கினால் ஓர் ஒற்றுமை புலனாகும். சண்டிகரில் சுக்னா ஏரி. பிரயாக்ராஜில் கங்கையும் யமுனையும் கலக்கும் சங்கமம். சென்னையில் மெரினாக் கடற்கரை. மூன்றும் நீர்ப்பரப்புகள். விமானக் காட்சிக்கும் நீருக்கும் உள்ள தொடர்பு யாது என்பதையும், காமிராவுடன் அங்கே செல்லும் ஆர்வலர் அறிந்திருக்கவேண்டியவை யாவை என்பதையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

நீர்ப்பரப்பின் மேல் கட்டடங்கள் இல்லை, மரங்கள் இல்லை, மின்கம்பிகள் இல்லை. விமானி தாழப் பறப்பதற்கு இடையூறு குறைவு. காண்போர் அனைவரும் கரையில் ஒரே வரிசையாக நிற்பதால், எவர் பார்வையையும் எதுவும் மறைப்பதில்லை. இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. விமானத்துக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், அது வீழும் இடத்தில் மக்கள் இருத்தலாகாது. கடல் அந்த வெற்றிடத்தை இயல்பாகவே தருகிறது.

இப்பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரிலும், அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரை நகரிலும் விமானக் கூட்டங்கள் நடந்தபோது, விமானம் தரையை விட்டு எழுவதே அதிசயமாயிருந்தது. வேகம் மிகவே அபாயமும் மிகுந்தது. 1952-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னுமிடத்தில், டி ஹாவிலண்ட் 110 என்ற ஜெட் விமானம் மக்கள் திரளை நோக்கித் திரும்பும் வேளையில் வானிலேயே சிதறிற்று. அதன் பாகங்கள் கூட்டத்தில் விழுந்தன. விமானத்தில் இருந்த இருவரும் பார்வையாளர் 29 பேரும் மாண்டனர். அதன்பின் அந்நாட்டில் விதிகள் கடுமையாக்கப்பட்டன. விமானம் கூட்டத்துக்கு இணையாக, குறித்த தொலைவில் பறத்தல் வேண்டும். கூட்டத்தை நோக்கித் திரும்புமாயின் தொலைவு இன்னும் மிகவேண்டும் என்னும் கொள்கை நிலைபெற்றது. ஆயினும் 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி, கடலோர ஊரான ஷோரமில், பழைய ஹண்டர் விமானம் ஒன்று வளையமிட்டு இறங்குகையில் நெடுஞ்சாலையில் வீழ்ந்தது. மாண்ட 11 பேரும் காட்சித் திடலுக்கு வெளியே இருந்தவர்கள். திடலைக் காத்தால் மட்டும் போதாது, திடலின் சுற்றுப்புறத்தையும் காக்கவேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

நம் நாட்டிலும் இக்கலை உயிர்ப்பலி வாங்கியதுண்டு. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி, பெங்களூரை அடுத்த எலகங்காவில் ஒத்திகையின்போது சூரியகிரண் குழுவின் இரு விமானங்கள் மோதி, விமானி ஒருவர் உயிர்நீத்தார். ஒன்பது ஹாக் விமானங்கள் இறக்கையோடு இறக்கை நெருங்கிப் பறப்பதைக் கண்டு நாம் கைதட்டும்போது, அந்த நெருக்கத்தின் விலையையும் நினைவிற்கொள்வது தகும்.

இனி, காட்சியின்போது காணத்தக்க இரு நுட்பங்களைக் கூறுவோம். முதலாவது, ஒலியின் தாமதம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் பறக்கும் விமானத்தின் முழக்கம் நம் செவியை அடைய ஏறத்தாழ மூன்று வினாடிகள் ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் அதற்குள் 750 மீட்டர் கடந்துவிடும். ஆதலின் முழக்கம் வந்த திசையை நோக்குபவர் வெற்று வானத்தையே காண்பார். செவியை நம்பாது கண்ணை நம்புதல் வேண்டும்.

இரண்டாவது, இறக்கையின் மேல் தோன்றும் வெண்மேகம். விமானம் விரைந்து திரும்புகையில் இறக்கையின் மேற்புறத்தில் காற்றழுத்தம் திடீரெனக் குறைகிறது. அழுத்தம் குறைந்த காற்று குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகி ஒரு கணம் வெண்துகிலைப்போல் போர்த்தி மறைகிறது. கடற்காற்றில் ஈரம் மிகுதி. எனவே உள்நாட்டுத் தளங்களைக் காட்டிலும் கடற்கரையில் இக்காட்சி எளிதிற் கிட்டும். குழுவினர் வேண்டுமென்றே வெளியிடும் வண்ணப்புகை வேறு, இது வேறு.

இவற்றைப் படமெடுக்க விரும்புவோர் முதலில் ஆராயவேண்டியது கதிரவன் நிற்கும் திசையை. கடற்கரை எத்திசையை நோக்கியுள்ளதோ அதுவே படத்தின் தரத்தைப் பெரிதும் முடிவுசெய்கிறது. பிளாக்பூல் மேற்கு நோக்கியது. அங்கே முற்பகல் ஒளி நமக்குப் பின்னிருந்து வந்து விமானத்தின்மேல் படும். இங்கிலாந்தின் போர்ன்மத் தெற்கு நோக்கியது. அங்கே நண்பகலில் வெயிலுக்கு எதிரே காமிராவைப் பிடிக்க நேரும். நமது மெரினாவோ கிழக்கு நோக்கியது. அங்கு பிற்பகலே ஏற்றது. ஆனால் 2024-இல் காட்சி பதினொரு மணி முதல் ஒரு மணி வரை நடந்தது. அக்டோபர் தொடக்கத்தில் அந்நேரம் சென்னையில் கதிரவன் ஏறக்குறைய உச்சியில், சற்றே தெற்கில் நிற்கும். விமானத்தின் மேற்புறம் ஒளிரும். நாம் காணும் அடிப்புறம் இருண்டிருக்கும்.

ஒளிபட்ட மேற்புறம் எப்போது நமக்குத் தெரியும்? விமானம் நம் பக்கமாகச் சாய்ந்து திரும்பும்போதுதான். விதியோ, கூட்டத்தை நோக்கித் திரும்பும் விமானம் தொலைவிலேயே இருக்கவேண்டும் என்கிறது. அருகில் வரும்போது அது கடற்பக்கம் சாய்ந்து, தன் அடிப்புறத்தையே நமக்குக் காட்டும். ஆகவே புகைப்படக்காரர் மிகவும் விரும்பும் படமும் பார்ன்பரோவில் நேர்ந்த அபாயமும் ஒரே கோணத்தில் அமைந்தவை. தொலைவைக் குறித்து முணுமுணுக்கும் ஆர்வலர்கள் இதனை உணர்ந்தால், நீண்ட லென்சைச் சுமப்பது பாரமாகத் தோன்றாது. அதற்கு 400 மில்லிமீட்டர் அளவு லென்ஸ் ஏற்றது.

ஷட்டர் வேகத்தைப் பொறுத்தவரை, ஜெட் விமானத்துக்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ தேவை. ஹார்வர்ட், டக்கோட்டா போன்ற சுழல்விசிறி விமானங்களுக்கும், சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்களுக்கும் இவ்வேகம் பொருந்தாது. விசிறி அசைவற்று நின்றதுபோற் பதிந்து, விமானம் நூலில் தொங்கும் பொம்மையெனத் தோன்றும். இவற்றுக்கு வினாடியில் 125-இல் ஒரு பங்கு முதல் 250-இல் ஒரு பங்கு வரை வைத்து, விமானத்தின் போக்கோடு உடலை இடுப்பிலிருந்து சீராகத் திருப்பி எடுத்தல் வேண்டும். ஒளிமிக்க வானம் காமிராவின் ஒளியளவியை ஏமாற்றி விமானத்தைக் கரிய நிழலாக்கிவிடும். எனவே அளவி காட்டுவதினும் சிறிது மிகுதியான ஒளியை அனுமதிப்பது நலம். உப்புக்காற்றும் மணலும் லென்சுக்குப் பகை. கடற்கரையில் லென்சு மாற்றுதல் கூடாது. வீடு திரும்பியதும் ஈரத்துணியால் காமிராவின் வெளிப்புறத்தைத் துடைத்தல் வேண்டும்.

படத்தினும் உயிர் பெரிது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் 72 விமானங்கள் பங்குகொண்ட காட்சியைக் காணப் பல லட்சம் மக்கள் கூடினர். வானில் ஒரு விபத்தும் இல்லை. ஆனால் தரையில் ஐவர் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் வெயிலாலும் நெரிசலாலும் மயங்கினர். ரயில் நிலையங்களில் கால்வைக்க இடமில்லை. காட்சி முடிந்ததும் அனைவரும் ஒரே வேளையில் வெளியேற முயன்றனர். விமானத்துக்கும் மக்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதற்கு எழுபது ஆண்டு அனுபவம் உண்டு. மனிதருக்கும் மனிதருக்கும் இடையே எவ்வளவு இடம், ஒருவருக்கு எவ்வளவு நீர், எத்தனை வழிகள் என்பதையும் அதே கண்டிப்புடன் கணக்கிடுதல் கடமையன்றோ? அக்கடமை விழா நடத்துவோரைச் சார்ந்தது. எனினும் செல்வோர் அறியவேண்டியவையும் உண்டு.

வியர்வை நம் உடலைக் குளிர்விப்பது, அது உலர்வதனால்தான். ஈரம் மிக்க கடற்காற்றில் வியர்வை எளிதில் உலராது. ஆகவே வெப்பமானி காட்டும் அளவினும் உடல் படும் துன்பம் மிகுதி. அசையாது நெடுநேரம் நிற்பின் குருதி கால்களில் தங்கி, தலைசுற்றல் உண்டாகும். ஆதலின் தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்துக. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உடனிருத்தல் நன்று. தொப்பி அணிக, குடை பின்னால் நிற்பவரின் பார்வையை மறைக்கும். முதியோரையும் குழந்தைகளையும் நண்பகற் காட்சிக்கு அழைத்துச் செல்வதைத் தவிர்க்கலாம். ஒருவர் பேச்சுக் குழறித் தடுமாறினால் அவரை உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலை நீரால் நனைத்து விசிறி, மருத்துவ உதவியை நாடவேண்டும்.

காமிரா ஏந்தும் நம்மனோர்க்கு மற்றொரு வழியும் உண்டு. பெருவிழாவுக்கு முன் சில நாட்கள் ஒத்திகை நடைபெறும். அப்பொழுதும் அதே விமானங்கள், அதே வானம், அதே கடல். கூட்டமோ மிகச் சிறிது. ஒத்திகை நாளில் படமெடுத்துவிட்டால் விழா நாளில் ஓரிடம் மற்றொருவருக்குக் கிடைக்கும். விழா நாளிலேயே செல்வதாயின், கடைசி விமானம் மறைந்தவுடன் புறப்படாது, ஒரு மணி நேரம் நிழலில் அமர்ந்திருந்து, சாலைகளில் நெருக்கம் தணிந்தபின் வீடு திரும்புவதே அறிவுடைமையாகும்.