தாயின் படம், உள்ளே நஞ்சு!

பிள்ளைக்குப் பாணி மருந்து வாங்கும்போது, போத்தலின் மேலுள்ள படத்தை நின்று கவனித்ததுண்டா? தாயின் மடியில் சிரிக்கும் குழந்தை! பார்த்ததுமே மனம் நம்பிவிடுகிறது, இல்லையா? பெண், மருந்து, போதை ஆகிய மூன்றும் இத்தகைய படங்களில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று கலை வரலாற்று அறிஞர்கள் ஆராய்கிறார்கள். அதில் நமக்கும் பாடம் உண்டு.

அமெரிக்காவில் 1849இல் 'திருமதி வின்ஸ்லோ'வின் பாணி விற்பனைக்கு வந்தது. பல் முளைக்கும் பிள்ளையின் அழுகையை அடக்குமாம். விளம்பர அட்டைகளில் அழகிய தாயும் கொழுகொழுக் குழந்தையும். போத்தலுக்குள் இருந்ததோ அபினிலிருந்து எடுக்கும் மொர்பின்! அழுகை அடங்கியது, சில பிள்ளைகள் பிறகு கண் விழிக்கவேயில்லை. 1906இல் வந்த சட்டமே, உள்ளே மொர்பின் இருப்பதை லேபலில் எழுத வைத்தது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் 'குழந்தைக் கொல்லி'களின் வரிசையில் சேர்த்தது.

அடுத்த வலை பெண்களுக்கே விரிக்கப்பட்டது. 1929இல் நியூயோர்க் வீதி ஊர்வலமொன்றில் இளம் பெண்கள் சிகரட் பற்றவைத்தார்கள். 'சுதந்திரச் சுடர்கள்' என்று பெயரும் சூட்டப்பட்டது. பின்னணியில் இருந்தது சிகரட் கம்பனி. 1946இல் வெள்ளைக் கோட்டு டொக்டரின் படத்தைப் போட்டே சிகரட் விற்றார்கள்.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரங்களைத் தடைசெய்தது. 2015 முதல் சிகரட் பெட்டியின் 80 சதவீதத்தை நோயின் படங்கள் மூடுகின்றன. ஏமாற்றிய படமே இப்போது எச்சரிக்கிறது! ஆனால் உம்மும்மாவின் வெற்றிலைத் தட்டில் இருக்கும் புகையிலைக்கு எச்சரிக்கைப் படம் ஏது? வாய்ப் புற்றுநோய்க்கு அதுவும் காரணமல்லவா?

கற்பிட்டிக் கடலோரத்தில் கடற்படையினர் பிரீகாபலின் குளிசைகளைக் கைப்பற்றிய செய்திகளைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் டொக்டர்கள் எழுதும் மருந்து அது, போதைக்காகவும் விழுங்கப்படுகிறது. பார்வைக்கு வெறும் மருந்து அட்டைதான். மகனின் சட்டைப் பையில் கண்டால் தலைவலிக் குளிசை என்று நாம் எடுத்து வைத்துவிடுவோம்!

ஆகவே சகோதரியே, படத்தைப் பார்த்து நம்பாதீர்கள், பெயரை வாசியுங்கள். புரியாவிட்டால் மருந்துக்கடையில் கேளுங்கள். டொக்டர் எழுதாத குளிசை மகனிடம் இருந்தால், ஏசுவதற்கு முன் அருகில் அமர்த்திப் பேசுங்கள். பயந்த பிள்ளை ஒளிக்கும். நம்பிய பிள்ளை சொல்லும். சொன்னபின் மானம் போகுமென்று மறைக்காதீர்கள். டொக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள். போதையும் ஒரு நோய்தான்.