மனையில் எவ்வளவு கட்டலாம்? கட்டட விதிகளைப் படிக்கும் முறை

தமிழ்நாட்டில் வீடு, கடை, அடுக்குமாடி என எதைக் கட்டினாலும் பொருந்துவது, 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். உள்ளாட்சிக்கு உள்ளாட்சி வேறுபட்டிருந்த விதிகள் இதில் ஒன்றாயின. தொகுப்பு பெரிது. ஆனாலும் மனை உரிமையாளர் முதலில் அறிய வேண்டியவை மூன்றே.

முதலாவது, அங்கே எதைக் கட்டலாம் என்பது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வகுக்கப்படும் முழுமைத் திட்டம், நிலங்களைக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என மண்டலங்களாகப் பிரிக்கிறது. பட்டா உரிமையைத்தான் காட்டும், கட்டும் அனுமதியை அல்ல. விவசாய மண்டலத்தில் மனைப்பிரிவு போட, முதலில் நில உபயோக மாற்றம் பெற வேண்டும். சென்னைப் பெருநகரில் ஒரு சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) இணையதளத்திலேயே பார்க்கலாம்.

இரண்டாவது, எவ்வளவு கட்டலாம் என்பது. இதைச் சொல்வது தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. 18.30 மீட்டர் உயரத்துக்கு மிகாத கட்டடங்களுக்கு இது பொதுவாக 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரு மடங்கு. ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. அதில் எல்லாத் தளங்களையும் சேர்த்து 4,800 சதுர அடி வரை கட்டலாம். வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் தளம் இந்தக் கணக்கில் சேராது.

மூன்றாவது, எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது. முன்புறமும் பக்கங்களிலும் விடும் செட்பேக், சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். வெளிச்சம், காற்று, தீயணைப்பு வசதி ஆகியவற்றுக்கான இடம் இது. அனுமதி வரைபடத்தில் இல்லாமல் அந்தச் சந்தில் பின்னாளில் எழுப்பும் கழிப்பறையோ அறையோ விதிமீறலாகும். எஃப்.எஸ்.ஐ. இடம் கொடுத்தாலும், செட்பேக் விட்ட பிறகு மிஞ்சும் பரப்பில்தான் கட்ட முடியும்.

சிறிய வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ அதனுடன் முதல் தளமோ கட்டுவோர் இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். மேற்சொன்ன கிரவுண்டு மனையில் முழு 4,800 சதுர அடியும் வேண்டுமென்றால் வழக்கமான அனுமதிதான் வழி. சுயசான்றில் விவரங்களின் உண்மைக்கு உரிமையாளரே பொறுப்பு. விதி புரியாமல் கையெழுத்திடுவது ஆபத்து.

எனவே இந்த மூன்றையும் படத்துடனும் கணக்குடனும் ஒரே பக்கத்தில், எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு உள்ளாட்சி அலுவலகத்திலும் வைக்க வேண்டும். மனை வாங்குவோரும் முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.