பழைய ஹைப்ரிட் சொகுசுக் கார்: விலை இறங்கும், செலவு இறங்காது

2016-இல் ஏறக்குறைய 250,000 வெள்ளிக்கு விற்கப்பட்ட பிஎம்டபிள்யூ 330இ கார், இன்று புதிய உள்நாட்டுக் கார் ஒன்றின் விலைக்கே பழைய கார் சந்தையில் கிடைக்கிறது. மெர்சிடிஸ் சி350இ, லெக்சஸ் சிடி200எச் போன்ற கார்களின் நிலையும் அதுதான். தோல் இருக்கை, சத்தமில்லாத ஓட்டம், பெட்ரோல் சிக்கனம் என்று எல்லாம் சேர்ந்து வரும்போது ஆசை வருவது இயல்பு. ஆனால், இவ்வளவு மலிவாக ஏன் விற்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தெரிந்த பிறகே முன்பணத்தைக் கட்ட வேண்டும்.

விடை சுருக்கமானது. காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. அதன் உதிரிப்பாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. 60,000 வெள்ளிக்கு வாங்கினாலும், பழுது பார்க்கும்போது அது 250,000 வெள்ளிக் கார்தான்.

சந்தைக்கு வந்த கதை

2011 முதல் 2013 இறுதி வரை, 2,000 சிசிக்கு உட்பட்ட இறக்குமதி ஹைப்ரிட் கார்களுக்கு அரசாங்கம் இறக்குமதி வரியிலிருந்தும் கலால் வரியிலிருந்தும் முழு விலக்கு அளித்தது. டொயோட்டா பிரியஸ், லெக்சஸ் சிடி200எச் ஆகியவை நம் சாலைகளில் பெருகியது அந்தக் காலத்தில்தான். அதன் பிறகு சலுகைகள் உள்நாட்டில் பொருத்தப்படும் வாகனங்களுக்கு மாறின. பகாங் பெக்கானில் மெர்சிடிஸ் சி350இ, கெடா கூலிமில் பிஎம்டபிள்யூ 330இ பொருத்தப்பட்டன. வரிச் சலுகையால் இவை புதிதாக இருந்தபோதே நன்றாக விற்றன. அதனால்தான் இன்று பழைய கார் சந்தையிலும் நிறைய இருக்கின்றன.

சாலை வரியும் கண்ணைக் கவரும். நம் நாட்டில் அது இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. தீபகற்ப மலேசியாவில் 1,998 சிசி கொண்ட 330இ காருக்கு ஆண்டுக்கு 379 வெள்ளி. 1,798 சிசி கொண்ட சிடி200எச் காருக்கு ஏறக்குறைய 279 வெள்ளி. ஆனால், சாலை வரி குறைவு என்பதால் பட்டறைச் செலவும் குறைவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டு வகை, இரண்டு விதச் செலவு

ஹைப்ரிட் என்று பொதுவாகச் சொன்னாலும் இவை இரண்டு வகை. முதல் வகை சிடி200எச் போன்றது. இதற்கு வெளியிலிருந்து மின்னேற்றம் தேவையில்லை. பிரேக் பிடிக்கும்போதும் இயந்திரம் ஓடும்போதும் பேட்டரி தானே நிரம்பும். இதில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 7.2 வோல்ட் கொண்ட 28 அடுக்குகள் வரிசையாக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன.

இரண்டாவது வகை, வீட்டு மின்சாரத்தில் மின்னேற்றம் செய்யக்கூடிய ‘பிளக்-இன்’ ஹைப்ரிட். 330இ, சி350இ ஆகியவை இந்த ரகம். இவற்றில் லித்தியம்-அயன் பேட்டரி உள்ளது. 330இ காரில் 7.6 கிலோவாட்-மணி, சி350இ காரில் 6.2 கிலோவாட்-மணி. பேட்டரியைக் குளிர்விக்கும் முறை, மின்னேற்றக் கருவி, கட்டுப்பாட்டுக் கணினி எல்லாமே சிக்கலானவை.

முதல் வகையில் பேட்டரி மாற்றும் செலவு ஆயிரங்களில் முடியலாம். இரண்டாவது வகையில் அது பத்தாயிரங்களைத் தொடும். எந்த வகையை வாங்குகிறோம் என்று தெரியாமல் விலை பேசுவது ஆபத்து.

வீட்டிலோ அடுக்குமாடியிலோ மின்னேற்றம் செய்ய வசதி இல்லாதவர்கள் பிளக்-இன் காரை வாங்குவதில் பொருளில்லை. மின்னேற்றமே செய்யாமல் ஓட்டினால், கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு பெரும்பாலும் பெட்ரோலிலேயே ஓடும் காராக அது இருக்கும்.

பேட்டரி எப்படிச் சாகிறது?

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினால் வண்டியே நொண்டும். பேட்டரியும் அப்படித்தான். 28 அடுக்குகளில் ஒன்று பலவீனமானாலும் மொத்தத் தொகுப்பும் தடுமாறி எச்சரிக்கை விளக்கு எரியும். கெட்ட அடுக்கை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று சில பட்டறைகள் குறைந்த விலை சொல்லும். அதே வயதுடைய மற்ற அடுக்குகளும் களைத்துப் போயிருப்பதால், சில மாதங்களில் அடுத்த அடுக்கு விழுவது சகஜம். விற்பதற்காக மட்டும் அப்படிச் சரிசெய்யப்பட்ட கார்களும் சந்தையில் உண்டு.

பேட்டரிக்கு முதல் எதிரி வெப்பம். நம் நாட்டு வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் காருக்கு இது பெரிய சுமை. சிடி200எச் போன்ற கார்களில் காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை ஒரு சிறு விசிறி இழுத்துப் பேட்டரியைக் குளிர்விக்கிறது. அதன் காற்றுத் துவாரம் பின் இருக்கையின் அருகே இருக்கிறது. தூசியும் துணி நூலும் செல்லப்பிராணியின் முடியும் அங்கே அடைத்துக்கொண்டால் பேட்டரி வெந்து கெடும். பையையோ துணியையோ வைத்து அந்தத் துவாரத்தை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு மிகச் சொற்பம்.

இரண்டாவது எதிரி, ஓட்டாமல் நிறுத்தி வைப்பது. வார இறுதியில் மட்டும் எடுப்பதற்கு ஹைப்ரிட் பொருத்தமான கார் அல்ல. ஓட வேண்டிய வண்டி அது.

பேட்டரி மட்டுமல்ல

கார் உயிர் பெறாமல் நின்றுவிட்டால் உடனே பெரிய பேட்டரி போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். எல்லா ஹைப்ரிட் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. கணினிகளை எழுப்புவது அதுதான். அது பலவீனமானால் பல எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில நூறு வெள்ளியில் முடிய வேண்டிய வேலைக்கு ஆயிரக் கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் கருவிக்குத் தனிக் குளிர்விப்பு நீரும் தனிப் பம்பும் உண்டு. பெரும்பாலோர் இயந்திரத்தின் நீரை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பம்பு நின்றால் இன்வெர்ட்டர் சூடேறும். அதை மாற்றுவது பேட்டரிக்கு இணையான செலவு.

சிடி200எச் காரில் இருப்பது பிரியஸ் காரின் அதே 1.8 லிட்டர் இயந்திரம். புகையை மறுசுழற்சி செய்யும் இஜிஆர் குளிர்விப்பானில் கரி அடைவது இதில் மெக்கானிக்குகள் நன்கு அறிந்த குறை. கவனிக்காமல் விட்டால் இயந்திரத்தின் ஹெட் கேஸ்கெட் வரை பாதிப்பு போகலாம். காலையில் முதலில் உயிர்ப்பிக்கும்போது இயந்திரம் குலுங்கினால் இதைச் சோதிக்க வேண்டும்.

பிரேக் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. வேகத்தைக் குறைப்பதில் பாதி வேலையை மின்மோட்டாரே செய்வதால் பிரேக் கட்டைகள் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் பிரேக்கை இயக்கும் மின்னணுத் தொகுதி பழுதானால் செலவு பெரிது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் எண்ணெயை மாற்றுவது அதற்கான எளிய பாதுகாப்பு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உரிமை மாற்றத்திற்கும் வாடகைக் கொள்முதல் கடனுக்கும் செய்யப்படும் வாகனச் சோதனை ஹைப்ரிட் பேட்டரியின் மீதத் திறனை அளப்பதில்லை. சோதனையில் தேறிய கார் என்பதால் பேட்டரியும் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. ஆகவே:

1. ஹைப்ரிட் கார்களைப் பழுது பார்த்துப் பழகிய, விற்பனையாளருக்குத் தொடர்பில்லாத ஒரு பட்டறைக்குக் காரைக் கொண்டு செல்லுங்கள். கணினியை இணைத்து ஒவ்வோர் அடுக்கின் வோல்ட் அளவையும் ஓட்டத்தின்போது பார்க்கச் சொல்லுங்கள். அடுக்குகளுக்கிடையே வேறுபாடு அதிகமானால் பேட்டரி களைத்துவிட்டது என்று பொருள்.

2. கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டுக் காரைக் காட்டுவது எளிது. ஆகவே குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகே கணினிச் சோதனை செய்யுங்கள். குளிர்சாதனத்தைப் போட்டு, நெரிசலிலும் மேட்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

3. பிளக்-இன் காரை முழுமையாக மின்னேற்றிப் பாருங்கள். சி350இ புதிதாக இருந்தபோது மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரம் 31 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்டது. குளிர்சாதனத்தோடு ஓட்டினால் அது குறையும்தான். ஆனால் பாதியைக்கூட எட்டாவிட்டால் யோசிக்க வேண்டும். மின்னேற்றக் கம்பி காரோடு வருகிறதா என்றும் கேளுங்கள்.

4. சேவைப் பதிவேட்டைப் பாருங்கள். பேட்டரி மாற்றப்பட்டது என்றால் ரசீது எங்கே, மாற்றியது புதியதா, பழையதைச் செப்பனிட்டதா என்று கேளுங்கள். உற்பத்தியாளர் அளித்த பேட்டரி உத்தரவாதம் எந்தத் தேதிவரை என்பதைக் காரின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் உறுதிப்படுத்துங்கள்.

5. வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று பாருங்கள். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. இருக்கை வாரை முழுதாக இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியலாம். பின்பெட்டித் தளத்தைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடாதீர்கள். அவற்றில் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம் ஓடுகிறது.

கார் நிற்கும், தவணை நிற்காது

ஓர் உதாரணக் கணக்கு. ஒருவர் 60,000 வெள்ளிக் காருக்கு 10,000 வெள்ளி முன்பணம் கட்டி மீதிக்குக் கடன் வாங்குகிறார். கையிருப்பு அதோடு தீர்ந்துவிட்டது. இரண்டாவது ஆண்டில் பேட்டரி போகிறது. பட்டறை 20,000 வெள்ளி கேட்கிறது. அவ்வளவு பணம் இல்லை. பேட்டரி இல்லாத காரை விற்றால் கடனுக்கே பற்றாது. கார் பட்டறையில் நிற்கிறது. மாதத் தவணை மட்டும் நிற்காமல் ஓடுகிறது. வேலைக்குப் போக இன்னொரு வாகனமும் தேவைப்படுகிறது.

யானையை வாங்குவதைவிடத் தீனி போடுவதுதான் கடினம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தீனிக் கணக்கை முதலில் போடுங்கள். பேட்டரியின் விலையை வாங்கும் முன்பே விசாரித்து, அந்தத் தொகையைக் காரின் விலையோடு கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் கட்டுப்படியானால் வாங்கலாம். அந்தப் பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்க முடியாதவர்கள், வயது குறைந்த ஒரு சாதாரணக் காரை வாங்குவதே குடும்பத்திற்கு நல்லது.

காப்புறுதி எடுக்கும்போது வெள்ளப் பாதுகாப்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான முழுக் காப்புறுதியில் அது தானாகச் சேருவதில்லை. பின்பெட்டிக்குக் கீழே பேட்டரி வைத்திருக்கும் காருக்கு அது மிக அவசியம்.

ஏமாற்றப்பட்டால்

பழைய கார்தானே, கேட்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது சரியல்ல. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வணிகரிடம் வாங்கும் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். தனிநபரிடம் நேரடியாக வாங்கிய காருக்கு இந்த வழி இல்லை.

ஆகவே, பேட்டரி நன்றாக உள்ளது என்று விற்பனையாளர் வாயால் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் சோதனை அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள்.

நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஹைப்ரிட் கார் ஆண்டுக் கணக்கில் அமைதியாக உழைக்கும் என்பதில் ஐயமில்லை. சரியான சோதனை, சுத்தமான காற்றுத் துவாரம், ஒதுக்கி வைத்த பேட்டரிப் பணம் ஆகிய மூன்றும் இருப்பவர் தாராளமாக வாங்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சற்றுப் பொறுத்திருப்பதே மேல்.