இடருக்கு விலை குறிப்பவர் யார்?

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் மதுக்கரை. சுண்ணாம்புக்கல் வளத்தை நம்பி 1930களில் எழுந்த சிமெண்ட் ஆலை அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது. அங்கிருந்து கோயம்புத்தூரை நோக்கித் திரும்பினால் நூற்பாலைகளும் வார்ப்படத் தொழிற்கூடங்களும் சிறு பட்டறைகளும் அடுத்தடுத்து எதிர்ப்படும். சாலையிலோ இரவு பகலாகச் சரக்குந்துகள் ஓடிக்கொண்டிருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடர் உண்டு. சிமெண்ட் மூட்டை எளிதில் தீப்பற்றாது. பஞ்சுப் பொதிக்கோ ஒரு பொறி போதும். ஆகவே இரண்டுக்கும் ஒரே காப்பீட்டுக் கட்டணம் பொருந்தாது என்பது எவர்க்கும் விளங்கும். ஆனால், எவ்வளவு வேறுபாடு பொருந்தும்? அதனை வரையறுப்பவர் யார்? வரையறுப்பவரைக் கண்காணிப்பவர் யார்? நூறாண்டுகளுக்கும் மேலாகப் பல நாட்டு அரசுகள் விடை தேடிவரும் வினாக்கள் இவை.

கணக்கின் அடிப்படை

கடையில் விற்கும் பொருளுக்கு அடக்கவிலை முன்பே தெரியும். காப்பீட்டுக்கு அது தெரியாது. கட்டணம் இன்று பெறப்படுகிறது. இழப்பு நேருமா, நேர்ந்தால் எவ்வளவு என்பது பின்னரே தெரியவரும். எனவே கடந்தகால இழப்புகளின் கணக்கே இத்தொழிலுக்கு ஆதாரம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம். தலா பத்து இலட்சம் ரூபாய் மதிப்புள்ள ஆயிரம் பட்டறைகள் இருப்பதாகவும், சராசரியாக ஆண்டுக்கு இரண்டு பட்டறைகள் முற்றிலும் எரிந்துபோவதாகவும் கொள்வோம். ஆண்டு இழப்பு இருபது இலட்சம். ஆயிரம் பேரும் அதனைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவர் பங்கும் இரண்டாயிரம் ரூபாய். இதனுடன் அலுவலகச் செலவு, முகவர் கழிவு, பேரிழப்புக்கான ஒதுக்கீடு முதலியவற்றைச் சேர்த்தால் கட்டணம் கிடைத்துவிடும்.

இக்கணக்கு எளிதாகத் தோன்றுவதற்குக் காரணம் ஆயிரம் என்னும் எண்ணிக்கையே. இருபது பட்டறைகளுக்கு மட்டும் காப்பீடு வழங்கிய ஒரு சிறு நிறுவனத்தை நினைத்துப் பார்த்தால் நிலைமை மாறிவிடும். இருபது பேரிடமும் பங்குத்தொகையாக அந்நிறுவனம் பெறுவது ஆண்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய். பத்தாண்டுகள் வரை ஒரு தீயும் நேராமற்போகலாம். 'நாம் கேட்கும் கட்டணம் மிகுதி' என்று எண்ணி, போட்டியில் வெல்வதற்காக அதனை நிறுவனம் பாதியாகக் குறைக்கவும் கூடும். பதினோராம் ஆண்டில் ஒரே ஒரு பட்டறை எரிந்தாலும் பத்து இலட்சம் கொடுத்தாக வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் முழுக் கட்டணம் பெற்றிருந்தாலன்றி அத்தொகை சேராது. தன் சொந்த அனுபவத்தை மட்டும் நம்பிய நிறுவனம் வீழ்ச்சியடையும். அதனை நம்பிப் பணம் கட்டியவரோ சாம்பலான பட்டறையின் முன் வெறுங்கையுடன் நிற்பார்.

ஆகவே நிறுவனங்கள் தத்தம் இழப்புக் கணக்குகளை ஒன்று சேர்த்துப் பார்ப்பது தேவையாயிற்று. அவ்வாறு கணக்குகளைத் திரட்டி, இடர்களை வகைப்படுத்தி, வகைக்கு இவ்வளவு எனக் கட்டண வீதம் குறித்த அமைப்புகளே கட்டண நிர்ணய அமைப்புகள்.

தேம்ஸ் கரையில் பற்றிய தீ

1861ஆம் ஆண்டு இலண்டனில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டூலி தெருவின் பண்டகசாலைகளில் பெருந்தீ மூண்டது. சணல், பருத்தி, கொழுப்பு எனக் குவிந்துகிடந்த சரக்குகள் நாள்கணக்கில் எரிந்தன. நகரத் தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட், சுவர் இடிந்து விழுந்ததில் உயிரிழந்தார். இழப்பீடு வழங்கிய காப்பீட்டு நிறுவனங்கள் நிலைகுலைந்தன. இதன் பின்னர் அவை கட்டணங்களை உயர்த்தின. 1868இல் கூட்டுக் குழு ஒன்றை அமைத்துப் பொதுக் கட்டண வீதங்களுக்குத் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டன.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இழப்புக் கணக்கைப் பகிர்ந்துகொள்வது அறிவுடைமை. அதே மேசையில் அமர்ந்து, 'இதற்குக் குறைவாக எவரும் விற்கக் கூடாது' என்று உடன்படுவதோ வணிகக் கூட்டுச்சதியாக மாறக்கூடும். இரண்டுக்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது.

அமெரிக்காவில் இச்சிக்கல் வெளிப்படையாகவே வெடித்தது. கேன்சஸ் மாநிலம் 1909இல் தீக்காப்பீட்டுக் கட்டணங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. தனியார் வணிகத்தின் விலையில் அரசு தலையிடலாமா என்று நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. காப்பீடு பொதுநலனோடு பிணைந்த தொழில் என்று கூறி, 1914இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் அதிகாரத்தை ஏற்றது. 1944இல் மற்றொரு வழக்கில், கட்டணக் கூட்டணிகள் போட்டித் தடுப்புக்கு எதிரான நடுவண் சட்டங்களுக்கு உட்பட்டவை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டுச் சட்டம் செய்தது. அதன்பின் மாநிலந்தோறும், கட்டண வீதம் குறிக்கும் அமைப்புகள் அரசிடம் உரிமம் பெற வேண்டும் என்னும் முறை பரவியது. கேட்டு வரும் நிறுவனங்களைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளுதல், வீதங்களை அரசிடம் பதிவு செய்தல், ஆய்வுக்குக் கணக்கேடுகளைத் திறந்து வைத்தல் ஆகியன உரிமத்தின் நிபந்தனைகள். கட்டணம் மிகையாக இருத்தலாகாது, போதாததாகவும் இருத்தலாகாது, ஒத்த இடருடையோரிடையே நியாயமற்ற வேறுபாடு காட்டலும் ஆகாது. விலை மிகுவதைத் தடுக்கும் சட்டங்கள் பல உண்டு. விலை குறைவதையும் குற்றமாகக் கருதும் தொழில்கள் சிலவே. அவற்றுள் காப்பீடு ஒன்று.

இந்தியாவின் கட்டண ஆலோசனைக் குழு

இந்தியா வேறு வழியில் சென்றது. பல கட்டண அமைப்புகளுக்கு உரிமம் வழங்குவதற்கு மாற்றாக, சட்டத்தின் வழியே ஒரே அமைப்பை உருவாக்கியது. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 1950இல் திருத்தப்பட்டபோது கட்டணக் குழு ஒன்று சட்ட வடிவம் பெற்றது. 1968ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை விரிவாக்கி, டாரிஃப் அட்வைசரி கமிட்டி எனப்பட்ட கட்டண ஆலோசனைக் குழுவைத் தோற்றுவித்தது. உறுப்பினர்கள் காப்பீட்டு நிறுவனங்களின் பிரதிநிதிகள்; தலைவரோ அரசின் காப்பீட்டுக் கட்டுப்பாட்டாளர். அவர் ஏற்பளித்தால்தான் குழுவின் முடிவு செல்லும். பெயரில் ஆலோசனை என்றிருந்தாலும் அது உரைத்தது ஆணையே. குழு குறித்த வீதத்தை மீறுவது சட்டத்தை மீறுவதாகவே கருதப்பட்டது.

1973ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து பொதுக் காப்பீடு நாட்டுடைமை ஆக்கப்பட்டது. 107 நிறுவனங்கள் நான்காக இணைக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியாவுக்குச் சென்னை தலைமையிடமாயிற்று. உரிமையாளர் மாறினாலும் கட்டணக் குழு தொடர்ந்தது. கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலை ஒன்று எந்த நிறுவனத்தை நாடினாலும் தீக்காப்பீட்டு வீதம் ஒன்றேயாக இருந்தது.

அவ்வீதம் எல்லா ஆலைக்கும் ஒன்று என்பது இதன் பொருளன்று. கூரை எத்தகையது, தீ எரிந்தால் தானே நீர் தெளிக்கும் கருவி உண்டா, நீர்க்குழாய் அமைப்பு எவ்வாறுள்ளது என்பவற்றைப் பொறுத்துத் தள்ளுபடியோ கூடுதலோ அமைந்தது. நூற்பாலைகளில் பஞ்சைப் பிரித்துத் தூய்மை செய்யும் புளோரூமே தீக்கு முதல் வாயில். பஞ்சுடன் வரும் இரும்புத் துண்டோ கல்லோ எந்திரத்தில் உரசினால் பொறி பறக்கும். தீத்தடுப்புக்குச் செலவிடும் ஆலைக்குக் கட்டணம் குறைந்தது. இவ்வாறு வீதப் பட்டியல் விலைப்பட்டியலாக மட்டுமன்றி, தீத்தடுப்புப் பாடநூலாகவும் பயன்பட்டது. கட்டணம் குறிக்கும் அதிகாரம் அக்குழுவிடமிருந்து நீங்கிய பிறகும், ஆலைகளில் தீயணைப்புக் குழாய் அமைப்போர் அதன் விதிகளைப் புரட்டிப் பார்ப்பதுண்டு.

குறைகளும் இருந்தன. தீக்காப்பீட்டில் கிடைத்த மிகுதி, வாகனக் காப்பீட்டில் நேர்ந்த இழப்பை ஈடுகட்டியது. தன் கிடங்கைக் கவனமாகப் பேணிய ஆலை உரிமையாளர், தம்மை அறியாமலே பிறருடைய வாகன விபத்துக்கும் பணம் செலுத்திவந்தார் என்று இதனைச் சொல்லலாம்.

கட்டுத் தளர்ந்தபின்

ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ஆர்.என்.மல்கோத்ரா தலைமையிலான குழு 1994இல் அளித்த அறிக்கை சீர்திருத்தத்துக்கு வழிகோலியது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் அமைந்தது. 2007 சனவரி முதல் நாள் தீ, பொறியியல், வாகனத்தின் சொந்தச் சேதம் ஆகிய வகைகளில் கட்டணக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு வீதங்களைக் குறைத்தன. தீக்காப்பீட்டில் தள்ளுபடிகள் பெருகின.

கண்காணிப்பு நீங்கவில்லை, அதன் இடம் மாறியது. முன்பு விலையைக் குறித்த அரசு, இப்போது விலை குறிக்கும் முறையையும் நிறுவனத்தின் கடன்தீர் திறனையும் நோக்குகிறது. கட்டணத்துக்குப் பின்னுள்ள கணக்குக்குக் காப்பீட்டுக் கணிப்பாளராகிய ஆக்சுவரி பொறுப்பேற்க வேண்டும். ஆணையம் வரையறுத்த அளவைப் போல் ஒன்றரை மடங்கு கடன்தீர் திறனை நிறுவனம் எப்போதும் கொண்டிருக்க வேண்டும். இழப்புக் கணக்குகளைத் திரட்டும் பணிக்காக 2009இல் இந்தியக் காப்பீட்டுத் தகவல் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. எந்தத் தொழிலில் எவ்வளவு தீயிழப்பு என்பதை அது தொகுத்துத் தருகிறது. அதனைக் கொண்டு விலை கூறுவது நிறுவனங்களின் பொறுப்பு. கணக்கைப் பகிர்வதற்கும் விலையில் உடன்படுவதற்கும் இடையே உள்ள அந்த மெல்லிய கோட்டைத் தெளிவாக வரையும் முயற்சி இது.

போட்டியின் பயன் பெரிய ஆலைக்கு எளிதில் கிடைத்தது. பேரம் பேச அதற்கு ஆளுண்டு. நான்கு கடைசல் எந்திரங்களுடன் இயங்கும் பட்டறைக்காரருக்குப் பாலிசியின் நுண்ணெழுத்துகளைப் படிக்கவும் நேரமில்லை. அத்தகையோருக்கென 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் வழங்க வேண்டிய பாலிசிகளை ஆணையம் நடைமுறைப்படுத்தியது. மொத்த மதிப்பு ஐந்து கோடி ரூபாய் வரையுள்ள தொழிலகங்களுக்குப் பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா, அதற்கு மேல் ஐம்பது கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம், வாக்குறுதி மாறாது.

கையொப்பமிடாத மூன்றாமவர்

ஒரு வகையில் மட்டும் அரசு கட்டணத்தைத் தன் கையிலிருந்து விடவில்லை. அது வாகனங்களுக்கான மூன்றாம் நபர் காப்பீடு.

மற்றக் காப்பீடுகளில் பணம் கட்டுபவரும் பயன்பெறுபவரும் பெரும்பாலும் ஒருவரே. இங்கோ நிலை வேறு. மதுக்கரை நெடுஞ்சாலையில் சரக்குந்து மோதி ஒருவர் இறந்தால், அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்குவது அவ்வண்டியின் காப்பீடு. இறந்தவர் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் அல்லர். நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அல்லர். மலிவான கட்டணத்தால் ஆதாயம் பெற்றவரும் அல்லர். வண்டி உரிமையாளர் மலிவைத் தேட, நிறுவனம் விலையைக் குறைத்துப் பின் கைவிரித்தால் துன்புறுவது அக்குடும்பமே. இதனாலேயே இக்காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியது. கட்டாயமாக்கிய பிறகு, உரிமையாளரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் பெறலாம் என்று விட்டுவிடவும் இயலாது.

2007 முதல் 2012 வரை சரக்குந்து போன்ற வணிக வாகனங்களின் மூன்றாம் நபர் இடரை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பொதுத் தொகுப்பு ஒன்றில் பகிர்ந்துகொண்டன. இழப்புகள் பெருகியதால் அத்தொகுப்பு கலைக்கப்பட்டது. கட்டணம் ஆண்டுதோறும் உயர்ந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. 2017 மார்ச் இறுதியில் தென் மாநிலச் சரக்குந்து உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சரக்குந்துத் தொழிலே உயிர்நாடியான நாமக்கல்லில் வண்டிகள் ஓடாமல் நின்றன. பேச்சுவார்த்தைக்குப்பின் உயர்வின் அளவு குறைக்கப்பட்டது. விபத்துக் கணக்கு ஒருபுறம், டீசலும் சுங்கமும் கடன் தவணையும் நெருக்கும் உரிமையாளரின் கணக்கு மறுபுறம். இரண்டும் உண்மையே என்பதால் இவ்வழக்கு எளிதில் தீர்வதன்று.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இப்போது இக்கட்டணத்தை ஆணையத்துடன் கலந்து அறிவிப்பது ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம். 2022 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையில் 75 முதல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுக் கட்டணம் 714 ரூபாய். 20,000 முதல் 40,000 கிலோ வரை மொத்த எடையுள்ள வாடகைச் சரக்குந்துக்கு 43,950 ரூபாய். கல்வி நிறுவனப் பேருந்துகளுக்கும் மின் வாகனங்களுக்கும் 15 விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஒரே சாலையில், ஒரே வளைவில் திரும்பும் பள்ளிப் பேருந்துக்கும் சரக்குந்துக்கும் வெவ்வேறு வீதங்கள். ஆயினும் அவ்வளைவில் நடந்து செல்பவர்க்கு எவ்வண்டியால் தீங்கு நேர்ந்தாலும் இழப்பீட்டைக் கணக்கிடும் தீர்ப்பாயம் ஒன்றே.